சுவர் மண்ணைத் தொடும் இடம்: ஒரு மாதிரி ரயில் தளத்துக்கு நிலமும் கட்டடங்களும் அமைத்த பதிவு

எவ்வளவு நுணுக்கமாகச் செய்த கட்டடமாக இருந்தாலும், சுவருக்கும் தரைக்கும் நடுவே முடியளவு இடுக்குத் தெரிந்தால் போதும், அது பொம்மையாகிவிடுகிறது. ஜன்னல் கம்பி, கூரை ஓடு, பெயர்ப்பலகை எல்லாம் சரியாக இருந்தும் கண் அந்தக் கறுப்புக் கோட்டிலேயே போய் நிற்கும். பாலத்தின் தூண் ஓடைக்குள் இறங்கும் இடம், சரளை மண்ணோடு கலக்கும் விளிம்பு, பாறை புல்லுக்குள் மறையும் ஓரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே இந்தத் தளத்தில் என் உழைப்பின் பெரும்பகுதியைப் பொருள்களின் அடிப்பாகத்துக்கே கொடுத்தேன். வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தளம் 240 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், சுவரோரம் நிற்கும் ஒரு பலகை. ஹெச்ஓ அளவு, அதாவது உண்மையில் 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ.; இது 1435 மி.மீ. அகலமுள்ள ஸ்டாண்டர்டு கேஜ் பாதையைக் குறிக்கிறது. நீராவி எஞ்சின் காலத்து மலையடிவார நிலையம் ஒன்று, அதை ஒட்டிய சரக்குக் கிடங்கு, ஓடையின் மேல் இரண்டு வளைவுகள் கொண்ட கற்பாலம், பாறையை வெட்டிப் போட்ட பாதை, அது முடியும் இடத்தில் சுரங்க வாய். இவ்வளவுதான். தண்டவாளம் போட்டு, மின்சாரம் கொடுத்து, வண்டிகள் தடம்புரளாமல் ஓடுகின்றன என்று உறுதியான பிறகுதான் நிலத்தில் கைவைத்தேன்.

முதலில் ஒரு தாளில் அளவுகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். 170 செ.மீ. உயரமுள்ள ஆள் இங்கே 19.5 மி.மீ. 2.1 மீட்டர் கதவு 24 மி.மீ. 20 மீட்டர் பெட்டி 23 செ.மீ. ஒரு கிலோமீட்டர் தூரம் சுமார் 11.5 மீட்டர். கடைசி எண்ணைப் பார்த்தாலே தெரியும், எதையும் முழு நீளத்துக்குச் செய்ய முடியாது. நீளத்தைச் சுருக்கலாம், கதவைச் சுருக்கக் கூடாது. நான் வைத்துக்கொண்ட விதி அதுதான். ஆறு பெட்டி நிற்க வேண்டிய நடைமேடையை மூன்று பெட்டி நிற்கும்படி 70 செ.மீட்டரில் முடித்தேன். கிடங்கில் ஐந்து கதவுகளுக்குப் பதில் மூன்று. ஆனால் ஒவ்வொரு கதவும் அதன் முழு அளவில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு மனித உருவம் நின்றாலும் அளவு பிசகித் தெரியாது.

நிலத்தை மலையிலிருந்து தொடங்காமல் தண்ணீரிலிருந்து தொடங்கினேன். மழை பெய்தால் இந்தத் தளத்தில் நீர் எங்கே போகும் என்று கேட்டு, சாக்பீஸால் பலகையில் அதன் வழியை வரைந்தேன். ஓடை பின்பக்கத்து உயரத்தில் தொடங்கி முன்விளிம்பில் முடிகிறது. அதை நோக்கி இரண்டு பக்கமும் சரிவு. நிலையம் நிற்பது சற்று மேடான சமதளம். பாதை மலையை ஒட்டிப் போகும் இடத்தில் மேட்டுப்பக்கமாக ஒரு வடிகால் பள்ளம், பாதைக்கு அடியில் அதைக் கடத்திவிட ஒரு சிறு மதகு. இவையெல்லாம் உண்மையான ரயில் பாதையில் பொறியாளர் முதலில் தீர்க்கும் கேள்விகள். அவற்றை நாமும் தீர்த்துவிட்டால் மலையின் வடிவம் தானாகவே பாதி வந்துவிடுகிறது. தண்ணீரை மறந்து குவித்த மலை எங்கிருந்து பார்த்தாலும் குவித்த மலையாகவே இருக்கும்.

மேடுகளுக்கு எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் நுரைப் பலகையை அடுக்கினேன். மணிமணியாக உதிரும் சாதாரணத் தெர்மோகோலைவிட இது அடர்த்தியானது; கத்தியால் சீவினால் சீவிய இடம் அப்படியே நிற்கும். கரைப்பான் கலந்த பசை இதை உருக்கித் தின்றுவிடும், ஸ்பிரே பெயின்ட்டும் அப்படியே. வெள்ளை மரப்பசை உருக்காது, ஆனால் காற்றுப் புகாத இரண்டு பலகைகளுக்கு நடுவே வெகுநாள் ஈரமாகவே கிடக்கும். நுரைப் பலகைக்கென்றே வரும் பசைதான் சரி. சூடான கம்பியால் வெட்டினால் வேலை வேகமாக முடியும். வரும் புகை நல்லதல்ல என்பதால் திறந்த வெளியில் மட்டும் அதைச் செய்தேன்.

பாறையும் சுவரும் பாதைக்கு எவ்வளவு அருகில் வரலாம் என்பதை எண்களை நம்பி முடிவுசெய்யவில்லை. என்னிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் இரண்டு மூலைகளிலும் நடுப்பக்கத்திலும் பென்சில் துண்டுகளை ஒட்டி, வளைவு முழுக்க மெல்லத் தள்ளிச் சென்றேன். வளைவின் வெளிப்பக்கம் மூலைகள் நீட்டுகின்றன, உள்பக்கம் பெட்டியின் நடுப்பகுதி நீட்டுகிறது. பென்சில் போட்ட கோடுகளுக்கு வெளியே சில மில்லிமீட்டர் விட்டு எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

பிறகு பாறை வெட்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது தன் நீரில் முக்கால் பங்கை இழந்த ஜிப்சம். தண்ணீர் சேர்ந்ததும் மறுபடி ஜிப்சமாகி இறுகுகிறது, இறுகும்போது சூடும் வெளிவிடுகிறது. தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். முந்தைய கலவை ஒட்டிய கிண்ணத்தில் கலந்தால், பழைய துகள்களே வித்தாகிப் புதுக்கலவை சீக்கிரம் இறுகிவிடும். அதனால் வளைந்து கொடுக்கும் ரப்பர் கிண்ணத்தைப் பயன்படுத்தி ஒவ்வொரு முறையும் சுத்தமாக உதிர்த்துவிட்டேன். மீந்த கலவையை ஒருபோதும் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது. குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும்.

கசக்கி விரித்த அலுமினியத் தாளில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகத் தொடங்கியதும் நுரைப் பலகையின் மேல் அழுத்தி, தாளை உரித்தால் பாறை முகம் கிடைக்கும். அதற்கு மேல் கத்தி வேலை. பாறையில் அடுக்குகள் உண்டு. பாதை ஒரு மலையை ஊடறுத்துப் போனால், இடப்பக்கம் தெரியும் அதே அடுக்குதான் வலப்பக்கத்திலும் தெரிய வேண்டும், அதே சாய்வில், அதே வரிசையில். மலை ஒன்றுதான், நடுவில் வெட்டியவர்கள் மனிதர்கள். நான் ஒரு நூலை இரண்டு பக்கமும் பிடித்து அடுக்குகளின் சாய்வைக் குறித்துக்கொண்டு கீறினேன். பார்ப்பவர்கள் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அடுக்குகள் பொருந்தாத வெட்டை அவர்கள் நம்புவதும் இல்லை.

நிறத்துக்கு வெகுவாக நீர்த்த அக்ரிலிக். காவியும் பழுப்பும் சாம்பலும் அங்கங்கே திட்டுத்திட்டாக வைத்து, எல்லாவற்றின் மேலும் மிக நீர்த்த கறுப்பைத் தெளித்தேன். கறுப்பு பிளவுகளுக்குள் ஓடி நிழலாகத் தங்குகிறது. காய்ந்த பின் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு முனைகளில் மட்டும் உரசினேன். அடியில் உதிர்ந்த பாறைத் துணுக்குகளைக் குவித்தேன். நிஜ வெட்டுகளின் அடியில் அவை எப்போதும் கிடக்கும், பாறையும் தரையும் சேரும் கோட்டை அவையே மறைத்தும்விடும்.

தண்டவாளச் சரளை போடும் வேலையைப் பலர் தண்டனையாகப் பேசுவார்கள். எனக்கு அது பிடித்தமான வேலை. நிஜத்தில் 5 செ.மீ. கல் இந்த அளவில் 0.6 மி.மீ.தான், பெரிய துகளைப் போட்டால் தண்டவாளம் பாறாங்கல் மேல் கிடப்பதுபோல் ஆகிவிடும். முதலில் தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப்பழுப்பு பூசி, மேல்முகத்தை மட்டும் துடைத்தேன். பிறகு தண்டவாளத்தைத் தாங்கும் சிலீப்பர் கட்டைகளுக்கு நடுவே சரளையைத் தூவி, மென்மையான தூரிகையால் ஒதுக்கி, சிலீப்பரின் மேல்முகம் தெரியும்படி விட்டேன். உலர்ந்த சரளையின் மேல் பசைநீரை ஊற்றினால் அது உருண்டு நிற்கும், சரளையும் இடம்பெயரும். நீரின் பரப்பு இழுவிசைதான் காரணம். அதனால் முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பானால் பனிபோல் தெளித்தேன். அறையில் தீச்சுடர் எதுவும் இருக்கக் கூடாது. அதன் பிறகு வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி, அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். இதைச் சொட்டுக் குழலால் விட்டால் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. தடம் மாற்றும் பாயின்ட்டில் அசையும் பாகங்களின் அருகே மட்டும் சரளையை மிகக் குறைத்து, பசை காயும்வரை அடிக்கடி அசைத்துக்கொண்டே இருந்தேன்.

சரளையின் ஓரம் நேர்கோடாக இருக்கக் கூடாது. விளிம்பில் சரளையோடு சல்லடையில் சலித்த மண்ணைக் கலந்து தூவினேன். நிஜ மண்ணே போதும், நன்றாகக் காயவைத்து, சலித்து, ஒரு காந்தத்தை அதன் ஊடே பலமுறை இழுக்க வேண்டும். மண்ணில் உள்ள இரும்புத் துகள் எஞ்சின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் வழக்கமாக வந்து நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறுப்பை ஒரு நீண்ட திட்டாக வைத்தேன்.

இனி கட்டடங்கள். நிலையத்தையும் கிடங்கையும் 1 மி.மீ. அட்டையில் செய்தேன். அட்டையைக் குறைவாக மதிப்பவர்கள் உண்டு. 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலண்ட் என்பவர் தொடங்கிய பென்டன் அருங்காட்சியகத்தில், 76இல் ஒரு பங்கு அளவில் ஒரு பள்ளத்தாக்கின் கிராமங்களையே அமைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள வீடுகள் அட்டையில் செய்து நீர்வண்ணம் தீட்டியவை. செங்கல்லின் மங்கலான நிறத்தையும் கல்லின் சொரசொரப்பையும் அட்டை ஏற்றுக்கொள்வதுபோல் பிளாஸ்டிக் எளிதில் ஏற்பதில்லை என்பது என் எண்ணம். ஈரத்துக்கு மட்டும் அட்டை அஞ்சும். அதனால் வெட்டிய ஓரங்களிலும் உள்பக்கத்திலும் ஷெல்லாக் வார்னிஷ் பூசிக்கொண்டேன்.

சுவர்களை வரையும்போதே 5 மி.மீ. கூடுதல் உயரம் விட்டேன். அந்த 5 மி.மீ. தரைக்குள் போக வேண்டிய பகுதி. நுரைப் பலகையில் கட்டடத்தின் அடியைச் சுற்றிக் கோடு போட்டு, அதே அளவுக்குப் பள்ளம் தோண்டி, கட்டடத்தை அதில் இறக்கினேன். ஒட்டவில்லை. பழுது பார்க்கவும் விளக்கு மாற்றவும் தூக்கி எடுக்க முடிய வேண்டும். மண் பூசும்போது சுவரைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைத்து, பசை காய்ந்ததும் உருவிவிட்டால், சுவர் சரியாகப் பொருந்தும், ஒட்டியும் இருக்காது. மிச்சமிருக்கும் மயிரிழை இடுக்கில் உலர்ந்த மண்தூளை விரலால் தேய்த்தால் அதுவும் மறைந்துவிடும்.

அடுத்து, இறவானம். ஓட்டுக்கூரையில் விழும் மழை இறவானத்திலிருந்து சொட்டுகிறது. வடிகுழாய் இல்லாத கிடங்கில் அந்த நீர் தரையில் ஒரே கோட்டில் விழுந்து மண்ணை அரித்து, சிறு கற்களை மட்டும் விட்டுவைக்கும். தெறிக்கும் சேறு சுவரில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். இந்த அளவில் சுமார் 4 மி.மீ. ஆகவே கிடங்கின் இரண்டு நீளப் பக்கங்களிலும், கூரை விளிம்புக்கு நேர் கீழே, பொடிக்கல்லை ஒரு மெல்லிய கோடாக ஒட்டினேன். சுவரின் அடி 4 மி.மீட்டருக்கு மண்நிறத்தை உலர் தூரிகையால் கீழிருந்து மேலாக உரசினேன். முக்கோணச் சுவர் உள்ள இரண்டு குறுகிய பக்கங்களில் கூரைநீர் விழாது. அங்கே கற்கோடும் இல்லை, சேறும் குறைவு. புல் சுவர்வரை வந்து தொடுகிறது. வடக்குச் சுவராக நான் வைத்துக்கொண்ட பக்கத்தில் ஈரம் ஏறிய கறையைச் சுமார் 11 மி.மீ. உயரம்வரை, அதாவது நிஜத்தில் ஒரு மீட்டர், ஒழுங்கற்ற விளிம்போடு மங்கலாக விட்டு, அதன் மேல் எல்லையில் உப்புப் பூத்த வெண்மையைத் தொட்டுவைத்தேன். அடியில் கொஞ்சம் பாசிப் பச்சை.

மனிதர்களின் கால்களும் தரையை மாற்றுகின்றன. கதவுக்கு முன்னால் மண் தேய்ந்து வெளிறியிருக்கும். நிலைய வாசலிலிருந்து சாலைக்குப் போகிறவர்கள் வளைந்த பாதையை விட்டுக் குறுக்கே நடப்பார்கள். புல்லின் நடுவே அந்தக் குறுக்குவழியை வெறும் மண்ணாக விட்டேன். கிடங்கின் கதவுகளில் நடுக்கதவுக்கு முன் மட்டும் வண்டிச் சக்கரத் தடம். மற்ற இரண்டும் அதிகம் திறக்கப்படாதவை என்று முடிவுசெய்து, அவற்றின் படியில் புல் முளைக்க விட்டேன்.

விளக்கு பற்றிச் சுருக்கமாக. 12 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்இடிக்கு 1 கிலோ ஓம் மின்தடை வைத்தால் சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும், நிலையம் மைதானம்போல் ஒளிரும். 4.7 கிலோ ஓம் வைத்தால் ஏறக்குறைய 2 மில்லி ஆம்பியர். எண்ணெய் விளக்குக் காலத்துக்கு அதுதான் பொருத்தம். மஞ்சள் சாய்ந்த வெள்ளை எல்இடியாக எடுத்தேன். அட்டை ஒளியைக் கசியவிடும் என்பதால் உட்சுவருக்கு முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை.

பாலத்தை நுரைப் பலகையிலேயே செதுக்கினேன். ஒவ்வொரு வளைவும் 57 மி.மீ. அகலம், நிஜத்தில் 5 மீட்டர், அரைவட்டம். வளைவுக் கற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் உச்சியில் ஒரு கல் நடுவாக உட்காரும். 17 கற்களாகப் பிரித்தேன். மை தீர்ந்த பேனா முனையால் சாந்துக் கோடுகளை அழுத்திக் கீறி, கசக்கிய அலுமினியப் பந்தால் தட்டியதும் வழுவழுப்பு போய்க் கல்லாயிற்று. நடுத்தூணின் மேல்நீர்ப் பக்கம் கூம்பாக இருக்க வேண்டும், வெள்ளத்தையும் மிதந்துவரும் மரத்தையும் பிளந்து அனுப்புவதற்காக. தூணைத் தாண்டியதும் நீர் வேகம் குறைந்து மணலை அங்கே போட்டுவிட்டுப் போகும் என்பதால், கீழ்நீர்ப் பக்கம் ஒரு சிறு மணல்திட்டு வைத்தேன்.

தூணை ஓடையின் படுகைக்குள் நட்டு, சுற்றிலும் கற்களைப் போட்ட பிறகுதான் தண்ணீருக்காக ரெசின் ஊற்றினேன்; இரண்டு திரவங்களைக் கலந்தால் கண்ணாடிபோல் இறுகும் பிசின் அது. ஊற்றிய பிறகு தூணை வைத்தால் அது தண்ணீரின் மேல் நிற்கும். படுகையின் நடுவே கரும்பச்சை கலந்த பழுப்பு, ஓரத்துக்கு வர வர மண்நிறம். ஆழம் என்பது நிறத்தில்தான் இருக்கிறது, ரெசினின் மொத்தத் தடிமன் 6 மி.மீ.தான். இரண்டு திரவங்களையும் உறையில் சொன்ன விகிதத்தில் துல்லியமாக அளந்து, குமிழி எழாதபடி மெதுவாகக் கலக்கி, 3 மி.மீ. வீதம் இரண்டு அடுக்காக ஊற்றினேன். ஒரே முறையில் தடிமனாக ஊற்றினால் சூடு ஏறிப் படுகை நுரையே உருக்குலையும். முன்விளிம்பில் பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி அணை கட்டி, ஓட்டை இல்லையென்று உறுதிசெய்துகொண்டேன்; ரெசின் ஊசித் துளை வழியாகவும் ஒழுகும். காயும்வரை தூசு விழாமல் ஓர் அட்டைப்பெட்டியால் மூடிவைத்தேன். கரைக் கற்களில் ரெசின் தானாக ஏறிப் பளபளக்கும் இடங்களில் மட்டும் பளபளப்பில்லாத வார்னிஷைத் தொட்டுக் குறைத்தேன். நீருக்கு ஓர் அங்குலம் மேலே கல் பளபளத்தால் அது நனைந்ததாகத் தெரியாது, கண்ணாடி ஒட்டியதாகத் தெரியும்.

புல்லுக்கு நிலைமின் முறை. கருவி நைலான் இழைகளுக்கு உயர்மின்னழுத்தத்தில் மின்னூட்டம் கொடுக்கிறது. தரை இணைப்பு ஊசியை ஈரப் பசையில் குத்தினால் இழைகள் நெட்டுக்குத்தாக வந்து நிற்கின்றன. 2 மி.மீ. இழை நிஜத்தில் 17 செ.மீ., 4 மி.மீ. 35 செ.மீ., 6 மி.மீ. அரை மீட்டருக்கும் மேல். எல்லா இடத்திலும் 2 மி.மீ. போட்டுவிட்டு, கால் படாத இடங்களில் 4 மி.மீ. சேர்த்தேன்: வேலிக் கம்பங்களின் அடி, மதகின் வாய், சிக்னல் தூணைச் சுற்றி. ஓடைக்கரையில் மட்டும் 6 மி.மீ. ஒரே பச்சையைப் போடாமல் காய்ந்த மஞ்சளையும் கலந்ததில்தான் நிலத்துக்கு வயது வந்தது.

மரங்களில் அதிகம் சொல்ல இல்லை. கம்பியை முறுக்கிக் கிளை பிரித்து, பிளாஸ்டர் கலந்த பசை பூசி, தழை ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான். உயரம் மட்டும் கவனிக்க வேண்டியது. 18 மீட்டர் மரம் இங்கே 20 செ.மீட்டருக்கும் மேல், கடையில் வரும் 8 செ.மீ. மரம் ஒரு மாடி வீட்டின் உயரம்தான். முன்னால் 20 செ.மீ. மரங்கள் இரண்டை வைத்து, பின்னால் போகப் போகச் சிறியதாக்கினேன். கலிபோர்னியாவின் மான்ட்டரேயில் ஜான் ஆலன் என்ற மாதிரி ரயில் கலைஞர் அமைத்த தளம் இந்த வகைக் கண்தோற்ற வேலைக்குப் புகழ்பெற்றது. கண்ணாடிகளை மறைத்துவைத்துக்கூட இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். 1973இல் அவர் இறந்த சில நாட்களிலேயே அந்தத் தளத்தின் பெரும்பகுதி தீயில் போனது. மிஞ்சிய படங்களைப் பார்த்துத்தான் இன்றும் நாங்கள் கற்கிறோம். அவர் கட்டடங்களில் காலத்தின் கறை இருந்தது, அதுதான் என்னை முதலில் நிறுத்தியது.

பின்திரையில் வானத்தை மேலே நீலமாகவும் அடிவானத்தை நோக்கி ஏறக்குறைய வெண்மையாகவும் விட்டேன். தூரத்து மலை நீலம் சாய்ந்து, விளிம்பு மங்கி. திரையும் தரையும் சேரும் கோடுதான் மறுபடி சிக்கல். அதை ஒரு தாழ்ந்த மேட்டின் பின்னால் இறக்கி, மேட்டின் உச்சியில் புதர் வரிசை ஒன்றை வைத்து மறைத்தேன். மூலையில் திரையை மடிக்காமல் வளைத்தேன். எல்லா வண்ணத்தையும் தளத்துக்கு மேல் தொங்கும் அதே விளக்கின் கீழ்தான் கலந்தேன். வேறு ஒளியில் கலந்த பச்சை இங்கே வேறு பச்சை.

இப்போது வண்டிகள் ஓடுகின்றன. சுரங்க வாயின் உச்சிக்கல்லில் கரி படிய வைத்தாயிற்று, உள்சுவர் 15 செ.மீ. ஆழத்துக்குக் கறுப்பு, வண்டி தடம்புரண்டால் கையை உள்ளே விட்டு எடுக்க மலையின் பின்னால் ஒரு திறப்பும் உண்டு. இடது முனையில் ஒரு முழ நீளம் இன்னும் வெறும் நுரைப் பலகை. எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பும் தொட்டி அங்கே வர வேண்டும். தொட்டி ஒழுகும், சுற்றிலும் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், ஈரம் போக ஒரு வடிகால் வேண்டும், அது ஏற்கெனவே உள்ள மதகில் சேர வேண்டும். அந்தச் சரிவை வரைந்து முடித்த பிறகு தொட்டியைத் தொடங்குவேன்.